பாதிக் கட்டணம் எனும் தூண்டில்

காஜாங்கில் ஒரு வீட்டிற்குத் தொலைபேசி அழைப்பு வருவதாகக் கொள்வோம். “ஆஸ்ட்ரோவிலிருந்து பேசுகிறோம். இன்றே செலுத்தினால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி,” என்கிறது ஒரு குரல். இச்சலுகை வெறும் தூண்டில். மோசடிக்காரர்கள் குறிவைப்பது வங்கி அட்டை எண்ணையும் கைப்பேசிக்கு வரும் டேக் எண்ணையும்தான். நம்மைச் சிந்திக்க விடாமல் தடுக்கவே அவர்கள் அவசரப்படுத்துகின்றனர்.

எனவே, அழைப்பைத் துண்டித்துவிட்டு, கட்டண அறிக்கையில் உள்ள எண்ணுக்கு நாமே அழைத்து உறுதிப்படுத்த வேண்டும். பணம் பறிபோனால், 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழைக்க வேண்டும். ஏனெனில், அப்பணம் பிறர் கணக்குகளின் வழியே விரைவில் கைமாறிவிடும். அதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மறைப்பது மோசடிக்காரர்களுக்கே உதவும்.