இருட்டு சொல்லும் சாட்சி

1953-ல் ரோலெக்ஸ் 'சப்மரீனர்' வந்ததிலிருந்தே ஆழ்கடல் கடிகாரங்களுக்கு தனி மவுசு. பழசுக்கு லட்சக்கணக்கில் விலை, போலியும் ஏராளம். ஏமாறாமலிருக்க நம்ம பௌதிகப் பாடமே கைகொடுக்கும்!

1960-களின் நடுவில் சுவிஸ் டயல்களில் பூசியது பெரும்பாலும் டிரிட்டியம். டயலின் அடியில் 'டி' எழுத்து அதற்கு அடையாளம். அரை ஆயுள் 12.3 ஆண்டு. அறுபது வருஷத்தில் ஏறக்குறைய ஐந்து தடவை பாதியாகி, மிஞ்சுவது சுமார் 32-ல் ஒரு பங்கு! டார்ச் அடித்தால் கொஞ்ச நேரம் மினுங்கி அணையலாம். மணிக்கணக்கில் ஒளிர்ந்தால்? அது 1993-ல் ஜப்பானில் உருவான லூமிநோவா போன்ற புதுப்பூச்சு. யாரோ டயலில் கை வச்சிருக்காங்க; ஒரிஜினல் விலை கொடுக்காதீங்க!

முள்ளும் புள்ளிகளும் ஒரே மாதிரி பழுத்திருக்கான்னு பாருங்க. இதெல்லாம் தேறினாலும், பின்மூடியைத் திறந்து மெஷினை அனுபவசாலி ரிப்பேர்காரரிடம் காட்டின பிறகே பணத்தை எடுங்க.