அந்தரத்தில் நிற்கக் கற்றல்



கூடத்தில் சுழலும் மின்விசிறியைச் சற்றே அண்ணாந்து பாருங்கள். அது காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்று, தன்னைத் தள்ளிய இறக்கைகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே என்பதை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். விசிறியின் எடையைப் பெரிதும் குறைத்து, வேகத்தைப் பல மடங்கு கூட்டி, கூரையினின்றும் கழற்றி விட்டுவிட்டால் அது பறக்கத் தொடங்கும். ஆனால் அக்கணமே வேறொரு தொல்லையும் தொடங்கும். இதுகாறும் மோட்டாரைச் சுழலாமல் பிடித்துக் கொண்டிருந்தது கூரை. அப்பிடி நீங்கியதும், இறக்கைகள் ஒரு புறமாகச் சுழல, மோட்டார் எதிர்ப்புறமாகச் சுழலும். அதைத் தடுக்கும் பொருட்டு நீண்ட வால் ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியில் பக்கவாட்டில் காற்றைத் தள்ளும் சிறு விசிறி ஒன்றையும் வைத்தால், நம் கையில் இருப்பது ஏறக்குறைய ஒரு ஹெலிகாப்டர்.

இன்று நாம் பேசப் போவது மனிதர் ஏறிச் செல்லும் ஹெலிகாப்டரைப் பற்றியன்று. தரையில் நின்றபடியே வானொலி அலைகளால் ஆளப்படும் மாதிரி ஹெலிகாப்டரைப் பற்றியது. இப்பேச்சை உங்கள் செவிக்குக் கொண்டு வருவதும் அவ்வினத்தைச் சேர்ந்த அலையே, அதிர்வெண்தான் வேறு. இக்காலத்து மாதிரிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கட்டளை பெறுகின்றன. கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் இரு பிடிகள் உண்டு. பலரும் கையாளும் முறைப்படி, இடப் பிடியை முன்னே தள்ளினால் பொறி உயரும். பக்கவாட்டில் தள்ளினால் வால் திரும்பும். வலப் பிடி, பொறியை முன்னும் பின்னும் இடமும் வலமும் சாய்க்கும். சாய்ந்த பக்கம் அது நகரும். இவ்வளவே.

இவ்வளவே என்றேன், கேட்பதற்கு எளிது. பெட்டியைக் கையில் வாங்கியவருக்கே இதன் அருமை தெரியும். வானில் அசையாது நிற்கும் ஹெலிகாப்டரைக் காணும்போது, அது இளைப்பாறுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. அந்தரத்தில் நிற்பதே அதன் கடினமான வேலை. நன்கு அமைந்த இறக்கை விமானம் ஒன்று சிறிது சாய்ந்தால், பெரும்பாலும் தானே நிமிர முயலும். ஓட்டுபவன் கையை எடுத்துவிட்டாலும் சிறிது தொலைவு மிதந்து செல்லும். ஹெலிகாப்டருக்கு அந்த நல்ல குணம் இல்லை. எள்ளளவு சாய்ந்தால், சாய்ந்த திசையில் நகரத் தொடங்கும். நகர்ச்சியின் வேகம் கூடிக்கொண்டே போகும். யாரேனும் நிறுத்தும் வரையில் அது நிற்பதில்லை.

சிறுவயதில் உள்ளங்கையில் துடைப்பக் கட்டையை நிமிர்த்தி நிறுத்தி விளையாடாதவர் நம்மில் யார்? அதே விளையாட்டுத்தான் இது. கட்டை சாய்வது கண்ணுக்குத் தெரியுமுன்பே கை நகர்ந்தாக வேண்டும். அவ்விளையாட்டில் மற்றோர் உண்மையையும் கண்டிருப்பீர்கள். நீண்ட கட்டையை நிறுத்துவது எளிது. குட்டைப் பென்சிலை நிறுத்துவது அரிது. பென்சில் விழும் விரைவுக்குக் கை ஈடு கொடுப்பதில்லை. மாதிரி ஹெலிகாப்டர்களும் அவ்வாறே. உள்ளங்கையளவுப் பொறி பெரியதைவிடப் பதற்றமுடையது. இலேசான காற்றுக்கும் அலைக்கழியும். ஆயினும் பெரிய பொறி நிதானமாக இருப்பது போலவே, அதனால் விளையும் தீங்கும் பெரிது. தொடக்க மாணவன் எதை வாங்குவது என்ற கேள்விக்கு எளிய விடை இல்லாமற்போவதற்கு இதுவே காரணம்.

இந்த நிலைகொள்ளாமையோடு போராடியவர்கள் மாதிரி ஓட்டுபவர்கள் மட்டுமல்லர். அமெரிக்காவில் குடியேறிய ருஷ்யப் பொறியாளர் இகோர் சிகோர்ஸ்கி, தாம் வடிவமைத்த வி.எஸ்.-300 என்னும் ஹெலிகாப்டரை 1939 செப்டம்பர் 14-இல் முதன்முதலாகத் தரையினின்றும் எழுப்பினார். அப்பொறி அன்று கயிறுகளால் தரையோடு பிணிக்கப்பட்டிருந்தது. கட்டவிழ்த்துப் பறந்தது 1940 மே மாதத்திலேதான். அத்துணைப் பெரிய அறிஞரும் எட்டு மாதம் கயிற்றில் கட்டித்தான் பழக்கினார் என்பதை, முதல் நாளிலேயே தென்னை உயரத்துக்குப் பறக்கத் துடிக்கும் இளைஞர்கள் நினைவிற் கொள்ளலாம்.

அதே காலத்தில் பென்சில்வேனியாவில் ஆர்தர் யங் என்பவர் சிறு மாதிரிகளைக் கொண்டே இச்சிக்கலை ஆராய்ந்து வந்தார். மாதிரி விழும், காரணத்தை ஆராய்வார், மீண்டும் செய்வார். இப்படி ஆண்டுகள் பல சென்றன. முடிவில், இறக்கைகளுக்குக் குறுக்காக, இரு நுனியிலும் எடை பொருத்திய கம்பி ஒன்றைச் சுழலச் செய்தார். சுழலும் பம்பரம் தன் நிலையை எளிதில் விடாதது போல, அக்கம்பியும் தன் தளத்தை விடாது. பொறியின் உடல் சாய்ந்தாலும் கம்பி சாயாது. அவ்வேறுபாடே இறக்கைகளின் கோணத்தைத் திருத்திவிடும். 1941-இல் தம் மாதிரியைப் பெல் நிறுவனத்தாருக்குப் பறக்கவிட்டுக் காட்டினார். அதன் பயனாகப் பிறந்த பெல்-47 ஹெலிகாப்டர், 1946 மார்ச் 8-இல் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்குரிய சான்றிதழைப் பெற்றது. அவ்வகைச் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர் அதுவே. மாதிரி விளையாட்டுப் பொருள்தானே என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், இச்செய்தியை அவருக்குச் சொல்லுங்கள்.

வானொலியால் செவ்வனே ஆளத்தக்க மாதிரி ஹெலிகாப்டர் உருவானது 1970-ஐ ஒட்டி. ஜெர்மானியப் பொறியாளர் டீட்டர் ஷ்லூட்டரின் உழைப்பு அது. அதன் பின்னர் வந்த மாதிரிகளிலும் குறுக்குக் கம்பி நெடுங்காலம் இருந்தது. இப்பொழுது அவ்வேலையைக் கைரோ என்னும் மின்னணு உணர்வி செய்கிறது. வாலைத் திரும்பாமல் பிடித்து வைப்பதும் அதுவே. சில பொறிகளில், பிடியை விட்டால் தானே நிமிரும் ஏற்பாடும் உண்டு. தொடக்கத்தில் அது உதவும். ஆனால் அதிலேயே பழகிய கை, அது இல்லாத பொறியைத் தொட்டதும் திகைத்துவிடும். பக்கச் சக்கரம் வைத்த சைக்கிளில் ஆண்டுக்கணக்கில் சென்ற பிள்ளைக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று நாம் சொல்வோமா?

இனிக் கற்கும் முறைக்கு வருவோம். முதல் மாதம் பொறியே வேண்டாம். கணினியில் பறக்கவிடும் சிமுலேட்டர் ஒன்றும், அதோடு இணைக்கத்தக்க உண்மையான டிரான்ஸ்மிட்டர் ஒன்றும் போதும். அங்கே நூறு முறை விழுந்தாலும் காசு செலவில்லை. கணினித் திரையில் பொறியின் வால் உங்களை நோக்கி இருக்கட்டும். அந்நிலையில் பொறிக்கு இடம் எதுவோ, அதுவே உங்களுக்கும் இடம். தலையளவு உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தப் பழகுங்கள்.

இங்கே மாணவர் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. நானும் செய்தேன். பணி ஓய்வு பெற்ற பின், பேரனுடைய பொறியை வாங்கி ஒரு காலைப் பொழுதில் எழுப்பினேன். அது இடப்புறம் நகர்ந்தது. வலப்புறம் பிடியைத் தள்ளினேன், நிற்கவில்லை. இன்னும் தள்ளினேன். நின்றது போலத் தோன்றிய மறுகணம் வலப்புறமாகப் பாய்ந்து மதிலில் மோதியது. மொத்தம் ஐந்து வினாடி இருக்கலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருக்குப் பாடம் சொன்ன எனக்கு, "தாத்தா, நீங்க பிடிய அமுக்கிக்கிட்டே இருந்தீங்க" என்று பேரன் பாடம் சொன்னான். அவன் சொன்னது சரி. பிடி பொறியின் இருப்பிடத்தை மாற்றுவதில்லை, சாய்வை மாற்றுகிறது. சாய்வு வேகத்தை மாற்றுகிறது. வேகமே இருப்பிடத்தை மாற்றுகிறது. பிடியைத் தள்ளியதன் பலன் கண்ணுக்குத் தெரியச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மேலும் தள்ளினால், வேண்டியதற்கு மிஞ்சிய சாய்வு வந்து சேரும். ஆகவே இலேசாகத் தள்ளி, உடனே நடுவுக்குக் கொண்டு வந்து, விளைவைப் பார்க்க வேண்டும். நகர்கின்ற பொறியை நிறுத்தவும் எதிர்ப்புறம் ஒரு சிறு தள்ளல், மீண்டும் நடு. விரல் நுனியின் அசைவே போதும்.

சிமுலேட்டரில் ஒரு மின்கலம் தீரும் நேரம், அதாவது ஐந்து நிமிடம், விழாமல் நிறுத்த வந்த பின்னரே மைதானத்துக்குச் செல்லலாம். அதற்கு முன் ஒரு கணக்கு. ஓரளவு நடுத்தரமான மாதிரி ஒன்றின் சுழலி 70 சென்டிமீட்டர் விட்டமுடையது. நிமிடத்துக்கு 2,500 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். இறக்கை நுனியின் வேகம் என்ன? சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர், வினாடிக்கு 42 சுற்றுகள். பெருக்கிப் பாருங்கள்: மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். முக்கால் கிலோ எடையுள்ள 'விளையாட்டுப் பொருளின்' இறக்கை அவ்வேகத்தில் வருகிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், இதனினும் பெரிய மாதிரி ஒன்று தாக்கி, அதைப் பறக்கவிட்ட 19 வயது இளைஞர் உயிரிழந்தார். அவர் புதியவர் அல்லர், நன்கு பழகியவர். உங்களை அச்சுறுத்த இதைக் கூறவில்லை. ஆனால் கூறாமல் விட்டு உங்கள் கையில் பெட்டியைக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆதலால் பொறிக்கும் உங்களுக்கும் இடையே பத்து மீட்டராவது இருக்கட்டும். வேடிக்கை பார்க்க வருபவர் உங்களுக்குப் பின்னே நிற்கட்டும். கண்ணாடி அணியுங்கள். டிரான்ஸ்மிட்டரில் மோட்டாரை உடனே நிறுத்தும் விசை ஒன்று உண்டு. எதைக் கற்குமுன்னும் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொடக் கற்க வேண்டும். விழப் போகிறது என்று தெரிந்தால், காப்பாற்ற முயலாமல் அவ்விசையைத் தட்டுங்கள். மோட்டார் ஓடும்போது தரையில் மோதினால் பற்சக்கரம் வரை நொறுங்கும். நின்ற பின் மோதினால் சேதம் குறையும். முதலில் டிரான்ஸ்மிட்டரை இயக்கி, அதன் பிறகே பொறியில் மின்கலத்தை இணைக்க வேண்டும். முடிக்கும்போது மின்கலத்தை முதலில் கழற்ற வேண்டும். இவ்வரிசை மாறலாகாது.

லித்தியம் பாலிமர் மின்கலமும் மரியாதை கேட்கும் பொருளே. ஒவ்வோர் அறையும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறலாகாது; கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு செலவானதும் பறப்பதை நிறுத்திவிட வேண்டும். மின்னேற்றும்போது தீப்பற்றாத தரையில் வைத்து, அருகிலேயே இருக்க வேண்டும். இரவில் ஏற்றிவிட்டு உறங்கப் போகலாகாது. உப்பிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தாதீர்கள், அது எவ்வளவு விலையுள்ளதாயினும்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டில் 2021-இல் வெளியான ட்ரோன் விதிகள் இம்மாதிரிகளையும் கருத்திற் கொள்கின்றன. எடைக்கேற்ப நடைமுறை மாறுகிறது. 250 கிராமுக்கு உட்பட்டவை மிகச் சிறு வகை. வான்பரப்பு சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்து வரைபடமாக வெளியிடப்பட்டுள்ளது. விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஊர்களில் வாழ்பவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மைதானத்தில் முதல் நாள், காற்று எழாத அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள். பொறியின் கால்களுக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக இரு மெல்லிய கம்பிகளைக் கட்டி, நான்கு நுனியிலும் இலேசான பந்துகளைச் செருகுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். சிகோர்ஸ்கியின் கயிற்றுக்கு இது தம்பி. பொறி சாய்ந்து இறங்கினாலும் இறக்கை மண்ணைத் தொடாது. தரையை ஒட்டிப் பறப்பதே பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். சுழலி தள்ளிய காற்று தரையில் பட்டுத் திரும்புவதால், அங்கே பொறி வழுக்கும் தரையில் நிற்பது போலத் தடுமாறும். சுழலியின் விட்டத்தைவிடச் சற்று உயரே எழுப்பினால் அது தெளியும். அங்கே அது சிறிது வலப்புறம் சாய்ந்தே நிற்பதைக் கண்டு, பழுது என்று கருத வேண்டாம். மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளைப் போலச் சுழலும் சுழலியுடைய மாதிரியில், வால் விசிறி பொறியை இடப்புறம் தள்ளும். அதை ஈடு செய்யவே அச்சாய்வு.

வாலை உங்கள் பக்கம் வைத்து நிறுத்துவது கைவந்த பின், வாலைச் சிறிது இடப்புறமும், பிறகு வலப்புறமும் திருப்பி நிறுத்துங்கள். பின்னர் முழுப் பக்கவாட்டு. இறுதியில் மூக்கு உங்களை நோக்கும் நிலை. பலர் ஓடிப் போவது இங்கேதான். பொறியின் இடம் உங்கள் வலமாகிவிடுகிறது. மாதக்கணக்கில் பழகிய கை, முழுத் தவறான பக்கம் தள்ளுகிறது. சிந்தித்துத் தள்ள நேரம் இராது. ஆகவே இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: சுவர் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் முட்டுக் கொடுப்போம் அல்லவா? மூக்கு உங்களைப் பார்க்கும்போது, பொறி உங்கள் கண்ணுக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே பிடியைத் தள்ளி முட்டுக் கொடுங்கள். மறுபடியும் சிமுலேட்டரில் சில வாரங்கள் இதை மட்டும் பழகுங்கள். அதற்கப்பால், தரையில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு செங்கற்களை வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் மெதுவாகப் பொறியைச் செலுத்தலாம். என் பேரன் இப்பொழுது அந்த எட்டைப் போடுகிறான். நான் இன்னும் பக்கவாட்டு நிலையில்தான் இருக்கிறேன்.