பாரிஸ் ஃபேஷன் வீக்: அழைப்பிதழ் இல்லாதவர்கள் என்ன பார்ப்பது?

"டிக்கெட் எவ்வளவு?" ஃபேஷன் டிசைன் படிக்கிற பிள்ளைகள் பாரிஸ் கிளம்பும்போது முதலில் கேட்பது இதைத்தான். டிக்கெட் என்று ஒன்று விற்பதே இல்லை. பையர், பத்திரிகைக்காரர், பெரிய வாடிக்கையாளர், சினிமாப் பிரபலம் என்று ஒவ்வொரு பிராண்டும் தானே பட்டியல் போட்டு அழைப்பிதழ் அனுப்பும். கல்லூரி லெட்டர்பேடில் எழுதிக் கேட்டாலும் பெரும்பாலும் பதில் வராது. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டிய அவசியமே இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

ஃபேஷன் வீக் என்பது அடிப்படையில் வியாபாரம். பெண்களுக்கான ரெடிமேட் ஆடைகளின் வாரம் பாரிஸில் வருஷத்துக்கு இரண்டு முறை வரும்: பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச்சில் முடிவது ஒன்று, செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடிவது இன்னொன்று. அக்டோபரில் குளிரத் தொடங்கும்போது மேடையில் வருவது அடுத்த வருஷத்துக் கோடைக்கான உடுப்பு. ஏன் இந்த ஆறு மாத இடைவெளி? பையர் பார்த்து ஆர்டர் எழுத வேண்டும், கம்பெனி துணி வாங்க வேண்டும், வெட்டித் தைத்து, சோதித்து, கடைக்கு அனுப்ப வேண்டும். அதற்கெல்லாம் சேர்த்து அவ்வளவு காலம் பிடிக்கும். திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. ஊரில் வெயில் கொளுத்தும்போது ஐரோப்பாவின் குளிருக்கான ஸ்வெட்ஷர்ட் சாம்பிளோடுதான் அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

மேடையில் நடப்பது பத்துப் பதினைந்து நிமிஷம். ஆர்டர் எழுதுவது அங்கே அல்ல. மாரே பகுதியில் பழைய வீடுகளையும் கலைக்கூடங்களையும் அந்த ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து ஷோரூம் போட்டிருப்பார்கள். பையர்கள் வந்து துணியைத் தொட்டு, உள்ளே லைனிங் பார்த்து, விலை பேசி, எந்த சைஸில் எத்தனை என்று எழுதுவது அங்கேதான். உள்ளே நுழைய முடியாவிட்டாலும் அந்தத் தெருக்களில் ஒரு முறை நடந்துவிட்டு வருவது நல்லது. கவர் போட்ட ஆடைகளைத் தள்ளுவண்டி ராக்கில் தொங்கவிட்டு நடைபாதையில் உருட்டிக்கொண்டு போகும் ஆட்களைப் பார்த்தால், இந்தத் தொழில் எத்தனை பேர் முதுகில் நிற்கிறது என்று புரியும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். செப்டம்பரில் போகிறவர்கள் "ஓட் கூத்யூர் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். அது வேறு வாரம்; ஜனவரியிலும் ஜூலையிலும் நடப்பது. ஒரே வாடிக்கையாளரின் உடம்புக்கு அளவெடுத்துக் கையால் தைப்பது அது. அந்தப் பெயரை நினைத்தவர்களெல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. 1945 முதல் பிரான்ஸில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பாரிஸில் சொந்தத் தையல்கூடம் உட்பட நிபந்தனைகளும் உண்டு. இந்த வழக்கத்துக்கு விதை போட்டவர் ஓர் ஆங்கிலேயர். சார்ல்ஸ் ஃப்ரெடரிக் வொர்த் என்பவர் 1858-இல் ரூ த லா பே தெருவில் கடை வைத்து, பெண்களுக்கே உடுத்திவிட்டு வாடிக்கையாளர்களுக்குக் காட்டினார். ஃபேஷன் வீக்கை இன்று நடத்தும் கூட்டமைப்பின் வேர் 1868 வரை போகிறது. அந்த ஓட் கூத்யூர் அட்டவணையில் முதன்முதலாக இடம்பிடித்த இந்திய டிசைனர் ராகுல் மிஸ்ரா, 2020 ஜனவரியில்.

சரி, வாசலில் நின்று பார்க்கலாமா? பார்க்கலாம். த்விலெரி தோட்டத்துப் பக்கம், க்ராண் பலே வாசல், பலே த தோக்கியோ வாசல் எல்லாம் அந்த வாரம் ஜேஜே என்றிருக்கும். கார் வந்து நின்றதும் கேமராக்காரர்கள் ஓடுவார்கள், கூட்டம் பெயர் சொல்லிக் கத்தும். அரை நாள் நின்றால் போதும். பயணம் முழுவதையும் அந்தத் தடுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் கழிப்பது வீண் என்பது என் உறுதியான எண்ணம். மேடையில் நடப்பதை நேரலையில் பிராண்டுகளே காட்டுகின்றன. ராத்திரி விடுதியில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, முன்வரிசையில் இருந்தவரைவிட நன்றாகப் பார்க்கலாம்.

பகலில் போக வேண்டிய இடங்கள் வேறு. அவென்யூ மோந்தேனில் கிறிஸ்டியன் டியோர் தொழில் தொடங்கிய அதே கட்டடத்தோடு சேர்த்து, 2022-இல் டியோர் காலரி திறந்தார்கள். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும். 1947 பிப்ரவரி 12 அன்று டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். போர் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, துணிக்குத் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் கஜக்கணக்கில் துணி பிடிக்கும் பாவாடையும், இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் 'பார்' ஜாக்கெட்டும் வந்தன. இந்த ஜாக்கெட் மாதிரியைப் பார்க்கக் கிடைத்தால் முன்பக்கத்தைவிட இடுப்புக்குக் கீழே பாருங்கள். அந்தப் புடைப்பு உடம்பினுடையது அல்ல; உள்ளே பஞ்சும் துணியும் வைத்துக் கட்டியது.

அங்கே ஒரு வெள்ளை அறை இருக்கிறது. சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்த மாதிரி உடுப்புகள். நம் பேட்டர்ன் மாஸ்டர் நல்ல துணியில் கத்திரி வைக்கும் முன் காடாத் துணியில் தைத்துப் பார்ப்பாரே, அதே வேலை. நிறம் இல்லை, மணி இல்லை, ஜரிகை இல்லை. அதனால் டார்ட் எங்கே முடிகிறது, கைக்குழி எவ்வளவு ஆழம், துணி நேராக ஓடுகிறதா கிராஸில் ஓடுகிறதா என்பதெல்லாம் அப்படியே தெரியும். பிள்ளைகள் பெரும்பாலும் இந்த அறையில் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் உட்கார வேண்டிய இடம் அது.

நகரின் வடக்கு ஓரத்தில், போர்ட் தோபெர்வில்லியே அருகே '19எம்' என்ற கட்டடம். ஷனேல் நிறுவனம் தன் கைவினைக் கூடங்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த இடம். எம்பிராய்டரிக்குப் பெயர்போன லெசாஜ், இறகும் துணிப்பூவும் செய்யும் லெமாரியே, செருப்புக்கு மசாரோ எல்லாம் இங்கேதான். கூடங்களுக்குள் சும்மா நுழைய முடியாது. பொதுமக்களுக்கென்று ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. கண்காட்சி நடக்கிற நாளா என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

லெசாஜ் வேலையில் கவனிக்க வேண்டியது லூனேவில் கொக்கி. துணியை ஃப்ரேமில் விறைப்பாகக் கட்டி, பின்பக்கம் மேலே இருக்கும்படி வைப்பார்கள். மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்திருப்பார்கள். மேலே வலது கையில் கொக்கி, கீழே இடது கை நூலையும் மணியையும் தள்ளிக்கொடுக்கும். கொக்கி குத்தி நூலை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ஒரு மணி உட்காரும். நம் ஊரில் கல்யாண ப்ளவுஸுக்கு ஆரி ஒர்க் போடுகிறவர் கையிலும் கொக்கி ஊசிதான், விழுவதும் அதே சங்கிலித் தையல்தான். அவர் துணியின் முன்பக்கத்தைப் பார்த்துப் போடுகிறார், அதுதான் முக்கிய வித்தியாசம். கொக்கியால் தைக்கும் இந்த வித்தை ஆசியாவிலிருந்துதான் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. லெசாஜ் குடும்பத்தின் ஜான்-பிரான்சுவா லெசாஜ் 1990-களில் சென்னைக்கே வந்து 'வஸ்த்ரகலா' என்ற எம்பிராய்டரிக் கூடத்தைத் தொடங்கினார். திரைச்சீலை, கட்டில் விதானம் போன்ற அலங்காரத் துணிகளில் பெயர் வாங்கிய கூடம் அது. ஆகவே பாரிஸ் போகும் முன்பே, தெருமுனை ஆரி கடையில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பாரிஸில் பார்ப்பது அப்போதுதான் கண்ணுக்குள் இறங்கும்.

துணி வாங்க ஆசையிருந்தால் மோன்மார்த்ரு அடிவாரத்தில் மார்ஷே சேன் பியேர். மாடி மாடியாகத் துணி, சுற்றிலும் சின்னச் சின்னக் கடைகள். மூன்று மீட்டர் கட்பீஸாகவே வெட்டி வைத்திருப்பார்கள். ஞாயிறு போகாதீர்கள், மூடியிருக்கும். அங்கிருந்து கிழக்கே நடந்தால் பார்பேஸ். ஆப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும் வாக்ஸ் துணிக் கடைகள் அந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம் நடந்தால் லாச்சப்பல். ஈழத்தமிழர்கள் எண்பதுகளிலிருந்து கட்டி எழுப்பிய கடைத்தெரு. புடவைக்கடைப் பொம்மையும் இடியாப்பமும் ஒரே தெருவில். வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் அங்கே போகாமல், புடவைக் கடைகளின் கண்ணாடியையும் நின்று பாருங்கள். ஃபேஷன் வீக் அட்டவணையில் இல்லாத பாரிஸ் உடுப்பு அது.

செலவு விஷயம் சுருக்கமாக. அந்த வாரம் அறை வாடகை ஏறிவிடும், சீக்கிரமே பதிவு செய்யுங்கள். மெட்ரோ வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. வெள்ளிக்கிழமை போய் இறங்கினால் அது உதவாது. இவ் சேன் லோரான் மியூசியமும் பலே கலியேரா என்ற ஃபேஷன் மியூசியமும் திங்கள் விடுமுறை. இரண்டிலும் வெளிச்சம் மங்கலாக இருக்கும். வெளிச்சத்தில் பழைய துணியின் சாயம் வெளுக்கும் என்பதால் அப்படி.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். திரும்பி வந்ததும் இருபது பக்கப் பயண அறிக்கை கேட்காதீர்கள், கூகுளைப் பார்த்து எழுதிவிடுவார்கள். ஏதாவது ஓர் உடுப்பை எடுத்துக்கொண்டு, அதன் தோள் எப்படி நிற்கிறது, தையல் எங்கெங்கே ஓடுகிறது, எத்தனை துண்டாக வெட்டியிருப்பார்கள் என்று பென்சிலால் வரைந்து கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் படத்தை வைத்துக் காடாத் துணியில் தைத்துப் பார்க்க ஒரு வாரம் கொடுங்கள்.