இரண்டாம் ஸ்தானத்துக்கு இரண்டு நகரங்கள்

சென்னைக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பெரிய நகரம் எது என்ற கேள்வியை ஒரு கல்யாணப் பந்தியில் எழுப்பிவிட்டு, பாயசம் வருகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மிச்சத்தை மதுரைக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள். மதுரைக்காரர் பாண்டிய மன்னர்களிலிருந்து ஆரம்பிப்பார். கோவைக்காரர் பம்ப்செட்டிலிருந்து ஆரம்பிப்பார். ஒருவர் ஹைகோர்ட்டு தங்கள் ஊருக்கு வந்துவிட்டது என்பார். மற்றவர் உத்தியோகம் தேடி உங்கள் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் எங்கே வருகிறார்கள் என்று கேட்பார். இந்த விவாதம் இலை எடுக்கும் வரையில் நடந்தாலும் முடிவுக்கு வராததற்குக் காரணம், இருவரும் ஒரே ஸ்தானத்துக்குப் போட்டியிட்டாலும் இருவர் கையிலும் இருக்கிற அளவுகோல் வேறு வேறு என்பதே.

தலைக்கணக்கு என்ற அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயம் சுலபம். இரண்டு ஊர்களும் 1866ஆம் வருஷத்தில், அதாவது ஒரே ஆண்டில், முனிசிபாலிட்டி ஆனவை. 1901ஆம் வருஷத்து ஜனக் கணக்கெடுப்பில் மதுரையில் 1,05,984 பேரும் கோயம்புத்தூரில் 53,080 பேரும் இருந்தார்கள். அரை நூற்றாண்டு கழிந்து 1951இல் மதுரை மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தபோது கோவை இரண்டு லட்சத்தைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மதுரை 1971இல் மாநகராட்சி ஆயிற்று. கோவை அதற்குப் பத்து வருஷம் காத்திருந்தது. ஆனால் 2011ஆம் வருஷத்துக் கணக்கில், சுற்றுப்புறங்களையும் சேர்த்துப் பார்க்கையில், மதுரையில் பதினான்கரை லட்சத்துக்குச் சற்று மேலும் கோவையில் இருபத்தொரு லட்சத்துக்கு மேலும் ஜனங்கள் இருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன் பாதியாக இருந்த ஊர், ஒன்றரை மடங்கை நெருங்கிவிட்டது. இது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்க வேண்டும்.

கோவை வட்டாரத்தில் மழை குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைப் பெரும்பாலும் தன் மறுபக்கத்திலேயே வாங்கிக்கொண்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பிவைக்கிறது. குடியானவன் ஆழமாகக் கிணறு வெட்டித்தான் வெள்ளாமை செய்ய வேண்டும். மண்ணோ பருத்திக்கு ஏற்ற கரிசல். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரின் முயற்சியால் முதல் நூற்பாலை வந்தது. அதன் பிறகு பல வருஷங்கள் மெதுவாகவே போய்க்கொண்டிருந்த கதை, நீலகிரி மலையில் பைக்காரா ஆற்றிலிருந்து எடுத்த மின்சாரம் 1930களின் ஆரம்பத்தில் கீழே இறங்கி வந்ததும் ஓட்டமெடுத்தது. சுற்றுக் கிராமங்களில் நிலபுலன் உள்ள குடும்பங்கள், பருத்தி விளைவித்தவர்களும் அதை வாங்கி விற்றவர்களுமாக இருந்தவர்கள், பங்கு திரட்டி ஆளுக்கொரு மில் கட்டத் தொடங்கினார்கள். மில் யந்திரம் பழுதானால் பார்க்கப் பட்டறை வந்தது. பட்டறைக்கு வார்ப்பட ஆலை வந்தது. வார்க்கத் தெரிந்தவன் கிணற்றுக்குப் பம்ப் செய்தான். பம்பை ஓட்ட மோட்டார் வேண்டியிருந்தது, அதையும் 1937இல் ஜி. டி. நாயுடு உள்நாட்டிலேயே செய்து காட்டினார். மோட்டார் மலிந்த பிறகு வீட்டு ஆட்டுக்கல்லையே அதனோடு பூட்டி வெட் கிரைண்டராக்கியதும் இதே ஊர்தான். நம் வீட்டு இட்லி மாவுக்கும் பைக்காரா அருவிக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறது.

அப்படியானால் மதுரையில் மில்லே இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக இருந்தது. ரயில் நிலையத்துக்குச் சமீபத்திலேயே ஹார்வி சகோதரர்களின் பெரிய மில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழும்பிவிட்டது. பல தலைமுறைக் குடும்பங்கள் அதன் சங்கொலிக்கு எழுந்து சோறு பொங்கி வாழ்ந்திருக்கின்றன. ஆகவே மதுரையைக் கோயில் நகரம் என்றும் கோவையை ஆலை நகரம் என்றும் பிரிப்பது வழக்கமே ஒழிய முழு உண்மை ஆகாது. என் அபிப்பிராயத்தில் வித்தியாசம் ஆலையில் இல்லை, அதன் சொந்தக்காரர்களிடத்தில் இருந்தது. மதுரை மில் அந்நியரின் ஒரே பெரிய கம்பெனி. கோவை மில்கள் அண்டை அயல் கிராமத்துக்காரர்களின் பல சிறிய கம்பெனிகள். முன்னதில் வேலை கற்றவன் கடைசி வரை தொழிலாளியாகவே ஓய்வு பெற்றான்; பின்னதில் வேலை கற்றவன் ஐந்தாறு வருஷத்தில் ஒரு லேத் மிஷினைக் கடனுக்கு வாங்கிப் போட்டு, வாசலில் பெயர்ப் பலகை மாட்டத் துணிந்தான். மதுரைக்கும் சுதேசித் தொழிலதிபர் வாய்க்காமல் இல்லை. டி. வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்ட காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் தலைமையிடம் மதுரைதான். மதுரையில் டவுன் பஸ் என்றாலே டி. வி. எஸ். பஸ் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. ஆனால் அந்தக் குடும்பம் தொழிற்சாலைகள் கட்ட முனைந்தபோது பெரும்பாலும் சென்னையை அடுத்த பாடியையும், பிற்பாடு ஓசூரையும் நாடியது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றைப் பஸ்ஸை விட்டுத் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவோ கடைசி வரையில் கோவையைவிட்டு நகரவில்லை. இரண்டு பஸ் முதலாளிகளின் இந்த ஒரு வித்தியாசத்திலேயே இரு நகரங்களின் பிற்காலச் சரித்திரம் பாதி அடங்கிவிடுகிறது.

இனி வாழ்க்கைக்கு வருவோம். மதுரையில் காலத்தை அளப்பது பஞ்சாங்கம். அந்த ஊரின் வீதிகளுக்கே மாதங்களின் பெயர்தான்: கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதற்கப்பால் ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, எல்லாவற்றையும் சுற்றிப் பழைய கோட்டை இருந்த இடத்தில் வெளி வீதி. கோட்டையை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்தார். இருந்தும் உள்ளேயிருக்கும் சதுரங்கள் கலையவில்லை. சித்திரைத் திருவிழாவின் தேர் மாசி வீதிகளில் ஓடுவதைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு இது என்ன குழப்பம் என்று தோன்றும். மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்துவிட்டார் என்றும், தேர் மட்டும் தன் பழைய வீதியை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் ஊரார் காரணம் சொல்வார்கள். அறுவடை முடிந்து கிராமத்தார் கையில் காசும் ஓய்வும் இருக்கும் மாதம் சித்திரை. அரசியல் தெரிந்த அரசர்.

அந்தத் திருவிழாவின் பத்துப் பன்னிரண்டு நாட்களில் மதுரையின் கடை, கல்யாணம், சண்டை, சமாதானம் எல்லாமே அதை உத்தேசித்துத்தான் ஏற்பாடாகும். அழகர் என்ன நிறத்துப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்பதைக் காணப் பல லட்சம் பேர் விடிய விடிய மணலில் நிற்பார்கள்; பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. நீர்மோர்ப் பந்தல் வைக்கிறவர்கள் இந்துக்கள் மட்டும்தான் என்று இல்லை. அந்தச் சில நாட்கள் மதுரையில் யாரும் யாரையும் பசியோடு அனுப்ப மாட்டார்கள்.

கோவையில் காலத்தை அளந்தது ஷிப்டு. அவினாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் வரிசையாக மில்கள் ஓடிய நாட்களில் முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று ஊர் மூன்றாக வகுக்கப்பட்டிருந்தது; பெண் பார்க்கப் போனால்கூட மாப்பிள்ளைக்கு எந்த ஷிப்டு என்று விசாரிப்பார்கள். அந்த மில்களில் பல மூடப்பட்டு, அவற்றின் இடத்தில் ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும் மென்பொருள் அலுவலகங்களும் வந்துவிட்ட பிற்பாடும் நேரத்தைக் காசாக எண்ணும் அந்தப் பழக்கம் ஊரைவிட்டுப் போகவில்லை. பீளமேட்டையோ கணபதியையோ ஒட்டிய ஒரு சந்தில் காலை எட்டு மணிக்கு நடந்து பாருங்கள். தகரக் கொட்டகையின் கீழ் மூன்று லேத்துகள். கடைசல் சுருள் காலடியில் பளபளக்கும். முதலாளி யார், வேலைக்காரர் யார் என்று எண்ணெய்க் கறையைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இருவர் சட்டையிலும் ஒரே கறை. "ஆர்டர் எப்பங்க வேணும்?" என்று கேட்கும் அவரிடம் ஊர்க்கதை பேச நினைத்தால் சிரித்துக்கொண்டே ஒரு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்.

மதுரையில் இதற்கு நேர்மாறாக, டீக்கடைக்காரரிடம் வழி கேட்டால் வழி கடைசியில்தான் கிடைக்கும். "எந்த ஊருண்ணே, யார் வீட்டுக்கு?" என்று தொடங்கி, அந்த வீட்டுக்காரரின் மாமனார் வரைக்கும் விசாரித்து முடித்த பிறகே "இப்படியே அங்கிட்டுப் போய் இடதுகைப் பக்கம் திரும்புங்க" என்பார். மரியாதையில் குறைந்தவர்கள் என்று கோவைக்காரர்கள் மதுரைக்காரர்களைச் சொல்வதுண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' சேர்த்துவிட்டால் பாசம் வந்துவிடுமா என்று மதுரைக்காரர்கள் திருப்பிக் கேட்பதுண்டு. இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

இரவு மதுரைக்கே உரியது. நள்ளிரவில் ஆவி பறக்கும் இட்லியும், கல்லில் கொத்தும் பரோட்டாவும், அதன்மேல் ஊற்றும் சால்னாவும் அந்த ஊரில் ஓர் அத்தியாவசிய சேவை. இரவு கடை அடங்குவதற்குள் பூ மார்க்கெட்டுக்கு வேலை வந்துவிடும். விடியுமுன் மொட்டாகப் பறித்து, ஈரச் சாக்கில் கட்டி மாட்டுத்தாவணிக்கு வந்து இறங்கும் மல்லிகை, சாயங்காலம் கூந்தலில் மலர வேண்டும். இடையில் இருக்கிற சில மணி நேரத்துக்குள் அது சென்னைக்கும் விமானத்தில் அயல்நாட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். முகூர்த்த நாளில் அதன் விலை தங்கத்தோடு பேசும். மறுநாள் கேட்பாரற்றுக் கிடக்கும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவை வெட் கிரைண்டருக்கும் அதே சட்டத்தின் கீழ் அதே குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரே முத்திரை, ஒரு பக்கம் ஒரு நாளுக்கு மேல் தாங்காத பூவின்மேலும் மறுபக்கம் இருபது வருஷம் உழைக்கும் கல்லின்மேலும் விழுந்திருப்பது யாருடைய குறும்போ தெரியவில்லை.

போட்டிக்காரர்கள் இருவரும் மறந்துவிடும் ஒரு பொது விஷயம் தண்ணீர். கோவை குடிக்கும் சிறுவாணி அணை கேரளத்துப் பாலக்காடு ஜில்லாவில் இருக்கிறது. மதுரைச் சீமையின் வயல்களுக்கு உயிரூட்டுவது, 1895 முதல் கர்னல் பென்னிகுயிக்கின் அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிடப்பட்ட பெரியாற்று நீர். அது வைகையில் கலந்து மதுரையின் குழாய்களுக்கும் வருகிறது. அந்த அணையும் கேரள எல்லைக்குள்தான். தத்தம் ஊரில் ஓடும் நதியையோ இருவரும் ஒரே லட்சணத்தில்தான் வைத்திருக்கிறார்கள்: வைகையில் பெரும்பாலான மாதங்களில் மணலும் புதரும், நொய்யலில் சாக்கடையும் சாயமும். இந்த ஒரு விஷயத்தில் எந்த ஊர் மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை.

மற்றபடி என் தீர்ப்பு ஒளிவு மறைவற்றது. தொழில் கற்கவும், கற்றதைக் கொண்டு சொந்தக் காலில் நிற்கவும், தகராறில்லாமல் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் கோவைதான் சௌகரியம். வெயிலும் மதுரையைவிட அங்கே தாட்சண்யம் உள்ளது. குறைந்த பணத்தில் வயிறார உண்ணவும், காய்ச்சல் என்று படுத்தால் அடுத்த வீட்டுக்காரர் கஞ்சியோடு வந்து நிற்கவும், ஜேபியில் பணமில்லாத நாளிலும் வீதியில் ஏதேனும் ஒரு கோலாகலம் நடக்கவும் வேண்டுமென்றால் மதுரைக்கு ஈடில்லை. ஜனங்களும் இந்தத் தீர்ப்பைத் தங்கள் காலாலேயே எழுதிவருகிறார்கள். மதுரை, தேனி, விருதுநகர் ஜில்லாக்களிலிருந்து கோவைக்கு வேலைக்கு வந்து குடியேறியவர்கள் ஏராளம். அவர்கள் ரேஷன் கார்டைக் கோவைக்கு மாற்றிக்கொள்கிறார்கள், குலதெய்வத்தை மாற்றிக்கொள்வதில்லை. சித்திரைப் பௌர்ணமி நெருங்கும்போது சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை ஆரப்பாளையம் வண்டிக்குக் கூட்டம் நெருக்கியடிப்பது அதனால்தான். அந்தச் சமயத்தில் மதுரைக்குப் பிரயாணம் செய்ய உத்தேசித்திருக்கும் வாசகர்கள் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் தாராபுரம் வரை நின்றுகொண்டேதான் போக வேண்டியிருக்கும்.