வெள்ளைச் சப்பாத்தும் செம்மண்ணும்

வகுப்பில் ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு தெரியாதிருக்கவே சீருடை. ஆனால் வெள்ளைச் சப்பாத்து அந்த வேறுபாட்டைக் காலிலேயே காட்டிக்கொடுத்தது. காரில் வந்திறங்கிய பிள்ளைக்கு அது வெள்ளையாகவே இருந்தது. தோட்டத்துச் செம்மண்ணில் நடந்துவந்த பிள்ளைக்கோ பள்ளி வாசலை எட்டுமுன்பே சிவந்துவிட்டது. ஆசிரியர்களாகிய நாங்களும் அப்பிள்ளைகளைச் சபைக்கூடலில் தனியே நிறுத்தியிருக்கிறோம். மழை பெய்ததற்குப் பிள்ளைக்குத் தண்டனை! ஒரு சிறுமி கறையை மறைக்கப் பேனாவால் பூ வரைந்துவந்தாள். அதையும் அழிக்கச் சொன்னோம். அந்த ஒரே ஜோடியை ஞாயிறுதோறும் துவைத்து வெள்ளைப் பூச்சுப் பூசியவர், விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் தாய்.

கல்வி அமைச்சு 2018இல் கறுப்புச் சப்பாத்தை அறிவித்தது. 2021இல் அது கட்டாயமாகும் என்றது. இடைப்பட்ட ஈராண்டும் இரு நிறத்துக்கும் இடம் தந்ததால், வீட்டிலிருந்த வெள்ளை ஜோடியை யாரும் வீச வேண்டியிருக்கவில்லை.