வீட்டு மரவேலைக்கு எந்த மின்கருவியை வாங்கலாம்? கிரைண்டரில் மர பிளேடு பொருத்துவது ஏன் ஆபத்து?

திருவனந்தபுரம்: சுவரில் ஓர் அலமாரி மாட்ட வேண்டும், மழையில் உப்பி, சட்டத்தோடு உரசும் கதவின் விளிம்பை இழைக்க வேண்டும், பழைய பலகையை அறுத்துப் புத்தகத் தட்டு செய்ய வேண்டும். இத்தகைய அரைநாள் வேலைகளுக்குத் தச்சரை வரவழைப்பது கேரளத் தலைநகரில் எளிதன்று. கூலியும் கணிசமானது. ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23ஆம் ஆண்டில் கிராமப்புற ஆண் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 852.5 ரூபாய். தேசிய சராசரியோ 393.3 ரூபாய் மட்டுமே. கைதேர்ந்த தச்சருக்கு இதைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருக்கும்.

எனவே, சில நாள் கூலியின் விலைக்குக் கிடைக்கும் மின்கருவிகளைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளும் எண்ணம் பலருக்கும் எழுவது இயல்பே. திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சாலை பஜாரின் இரும்புக் கடைகளிலும் சரி, இணைய விற்பனைத் தளங்களிலும் சரி, இக்கருவிகளுக்குப் பஞ்சமில்லை. எதை முதலில் வாங்குவது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

பெரும்பாலானோர் முதலில் துளையிடும் கருவியை, அதாவது டிரில் மெஷினை வாங்குகின்றனர். அது சரியான தொடக்கம்தான். அடுத்து, விலை குறைவு என்பதற்காக 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரை வாங்கி, அதில் பல் வைத்த மர பிளேடைப் பொருத்தி ரம்பமாகப் பயன்படுத்துகின்றனர். வீட்டு மரவேலையில் தவிர்க்க வேண்டிய முதல் தவறு இதுவே.

கிரைண்டர் ரம்பம் அன்று

ஆங்கிள் கிரைண்டர் என்பது உலோகத்தைத் தேய்ப்பதற்காக உருவாக்கப்பட்ட கருவி. அதன் தேய்ப்பு வட்டுக்குப் பற்கள் கிடையாது. அது பொருளைச் சிறிது சிறிதாக அரைத்துக்கொண்டு போகும். பல் வைத்த பிளேடு அவ்வாறு அரைப்பதில்லை; மரத்தைக் கவ்வி இழுக்கும். அறுபடும் வேளையில் மரம் நெருங்கி பிளேடை இறுக்கினாலோ, ஒரு கணு குறுக்கிட்டாலோ, சுழற்சியின் முழு விசையும் கருவியை எதிர்த்திசையில் தூக்கி எறியும். இந்தப் பின்னுதைப்பு நொடிக்கும் குறைவான நேரத்தில் நிகழ்வதால், கையை விலக்கிக்கொள்ள அவகாசம் இராது.

வேகம்தான் காரணம் என்று பலர் கருதுகின்றனர். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. நிமிடத்திற்கு 11,000 முறை சுழலும் 100 மி.மீ. வட்டின் விளிம்பு நொடிக்குச் சுமார் 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கி.மீ.க்கும் கூடுதலான வேகத்தில் செல்கிறது. நிமிடத்திற்கு 5,500 முறை சுழலும் 185 மி.மீ. வட்ட ரம்பத்தின் விளிம்பு வேகமும் நொடிக்கு 53 மீட்டர். வேறுபாடு அதிகமில்லை.

வேறுபாடு கருவியின் அமைப்பில் உள்ளது. வட்ட ரம்பத்தின் அடித்தகடு மரத்தின் மேல் படிந்து, பிளேடு சாயாமல் காக்கிறது. இரு கைகளாலும் பிடிக்கக் கைப்பிடிகள் உண்டு. விசையிலிருந்து விரலை எடுத்ததும் மின்சாரம் நின்றுவிடும். மரத்திலிருந்து கருவியைத் தூக்கியதும், கீழ்ப்பக்க உறை சுருள்வில்லின் விசையால் தானாக வந்து பற்களை மூடிக்கொள்ளும். சிறிய கிரைண்டர்களில் அடித்தகடு இல்லை. தானே மூடும் உறை இல்லை. பல மாதிரிகளில், தள்ளி இயக்கும் பொத்தான் ‘ஆன்’ நிலையிலேயே பூட்டிக்கொள்வதால், கை நழுவினாலும் கருவி சுழன்றுகொண்டே இருக்கும். இருக்கும் பாதி உறையையும், பெரிய பிளேடு பொருந்தவில்லை என்று கழற்றி எறிந்துவிடுபவர்கள் உண்டு. கிரைண்டரில் மாட்டக்கூடிய மர பிளேடுகள் கடைகளில் தாராளமாகக் கிடைப்பதை அதன் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

கல்லறுக்கும் ‘கட்டர்’ எனப்படும் மார்பிள் கட்டரின் கதையும் ஏறத்தாழ இதுவே. நாடு முழுவதும் தச்சர்கள் பிளைவுட் அறுக்க இதைக் கையாள்வதைக் காணலாம். அதற்கு அடித்தகடு உண்டு என்பதால் கிரைண்டரைவிட ஒரு படி மேல். ஆனால், அதன் உறை மேல்பாதியை மட்டுமே மூடுகிறது. கருவியைத் தூக்கும்போது, இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் பிளேடு திறந்தே இருக்கும். நாள்தோறும் அதைக் கையாள்பவரின் கைப்பழக்கம், மாதத்தில் ஒருநாள் எடுப்பவருக்கு வாய்க்காது.

வீட்டுக்கு ஏற்ற முதல் ரம்பம்

அவ்வப்போது மட்டும் மரவேலை செய்பவருக்கு முதல் அறுப்புக் கருவியாக ஜிக்சா பொருத்தமானது. மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓடும் கருவி அது. மெதுவாகத்தான் அறுக்கும். ஆனால் சிக்கிக்கொண்டால் அதிரும், எகிறிப் பாயாது. வளைவுகளையும் வெட்டலாம். சாதாரண பிளேடு மேல்நோக்கி அறுப்பதால், பலகையின் மேற்பரப்பில்தான் சிராய்கள் பெயரும். ஆகவே, நல்ல பக்கத்தைக் கீழே வைத்து அறுக்க வேண்டும். நேர்கோடு வராது என்ற குறைக்கு, ஒரு நேரான சட்டத்தைக் கிளாம்ப் வைத்து இறுக்கி, அதையொட்டி ஓட்டுவதே வழி. இரண்டு நல்ல கிளாம்புகள் இல்லாமல் எந்த மின்ரம்பத்தையும் வாங்குவதில் பொருளில்லை.

முழு பிளைவுட் பலகைகளை நீளவாக்கில் அறுக்கும் தேவை அடிக்கடி எழுந்தால் 185 மி.மீ. வட்ட ரம்பத்தை நாடலாம். ஒரே ஒரு அலமாரிக்காக அதை வாங்க வேண்டியதில்லை. அளவைக் குறித்துக் கொடுத்தால் பலகையை அறுத்துத் தரும் கடைகள் உள்ளன.

மரத்தின் தன்மைக்கேற்ப பிளேடு மாறும். கேரள வீடுகளில் தேக்கு, ஆஞ்சிலி எனப்படும் அயினி, பலா ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா கலந்திருப்பதால், சாதாரண எஃகுப் பற்கள் விரைவில் மழுங்கும். பிளைவுட்டின் பசையும் அவ்வாறே. இவற்றுக்கு டங்ஸ்டன் கார்பைடு முனை பொருத்திய பிளேடே ஏற்றது. இழையோட்டத்தின் வழியே அறுக்கப் பற்கள் குறைந்த பிளேடும், பிளைவுட்டைச் சிதறாமல் வெட்ட 40 முதல் 60 பற்கள் கொண்ட பிளேடும் தேவை. மழுங்கிய பிளேடே பின்னுதைப்பை வரவழைக்கிறது. கருவியில் மிச்சம் பிடித்தாலும் பிளேடில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

டிரில்: சுவரைப் பார்த்து வாங்குக

மரத்தில் துளையிட எந்த டிரில்லும் போதும். தேர்வைத் தீர்மானிப்பது சுவர்தான். செங்கல், வெட்டுக்கல், சிமெண்ட் பிளாக் சுவர்களுக்கு 500 முதல் 600 வாட் திறனும், 13 மி.மீ. சக்கும், வேகக் கட்டுப்பாடும், முன்பின் சுழற்சியும் உள்ள இம்பாக்ட் டிரில் போதுமானது. காங்கிரீட் தளத்திலும் தூணிலும் அது திணறும். அதனுள் இரு பல்தகடுகள் உரசியே அதிர்வு உண்டாகிறது. அழுத்துபவரின் தோள்தான் உண்மையில் உழைக்கிறது. காங்கிரீட்டுக்கான ரோட்டரி ஹேமரில் காற்றழுத்தத்தால் இயங்கும் உந்துதண்டு அடிக்கிறது. மின்விசிறிக் கொக்கிக்காக ஆண்டுக்கு ஒரு துளை போடுபவர் அதை வாடகைக்கு எடுப்பதே மேல்.

உப்பிய கதவுக்காக மின் இழைப்புளி வாங்க நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்கலாம். ஈரப்பதத்தால் மரம் அகலவாக்கில் விரிகிறது. வெயில் காலத்தில் மீண்டும் சுருங்குகிறது. ஜூன் மாதத்தில் தாராளமாக இழைத்த கதவு, பிப்ரவரியில் இடைவெளி காட்டும். இரண்டு பருவமழைகளையும் பெறும் திருவனந்தபுரத்தில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. கை இழைப்புளியால் ஓரிரு இழைப்பு போதும். சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகையின் 122 மரக்குதிரைகளும் மின்சாரத்தைக் காணாத உளிகளின் வேலைதானே. அதே பணத்துக்கு 125 மி.மீ. ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் வாங்கினால், பழைய மேசைகளையும் கதவுகளையும் மெருகேற்றும் வேலை பலமடங்கு எளிதாகும்.

வாட்டும் வோல்ட்டும்

பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் வாட் என்பது கருவி இழுக்கும் மின்சாரம். அது வெளிப்படுத்தும் ஆற்றல் அன்று. தரமற்ற 850 வாட் கருவியைவிட நல்ல 550 வாட் கருவி சிறப்பாக உழைக்கக்கூடும். அருகில் பழுதுபார்க்கும் மையம் உண்டா, கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்ற கேள்விகளே அதிகப் பயன் தரும்.

பேட்டரி கருவிகளில் ‘20 வோல்ட்’ என்பது ‘18 வோல்ட்’டைவிட வலிமையானது என்று நம்பி ஏமாற வேண்டாம். இரண்டிலும் ஐந்து லித்தியம் அயன் செல்களே வரிசையாக உள்ளன. ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட் எனக் கொண்டால் 18. முழுமையாகச் சார்ஜ் ஆன நிலையில் கணக்கிட்டால் 20. ஒரு நிறுவனத்தின் பேட்டரி பொதுவாக மற்றொன்றின் கருவியில் பொருந்தாது என்பதால், முதல் பேட்டரி கருவியை வாங்கும்போதே அடுத்தடுத்த கருவிகளின் நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அரிதாக எடுப்பவருக்கு வயருள்ள கருவியே சிக்கனம். பரணில் கிடந்தாலும் அதற்கு வயதாகாது, பேட்டரிக்கு ஆகும்.

வளைகுடாவிலிருந்து வருவோர் கருவிகளைக் கொண்டுவருவது இங்கு வழக்கம். ஐக்கிய அரபு அமீரகத்தின் மின்னழுத்தம் நமக்கு ஒத்ததே; ஆனால் அங்குள்ள சதுர முனை பிளக் இங்குள்ள வட்டத் துளைகளில் சரியாகப் பொருந்தாது. முறையான இந்திய பிளக்கை மாற்றிப் பொருத்திக்கொள்ள வேண்டும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் கருவி இங்கு நேரடியாகச் செருகினால் கருகிவிடும். கருவியில் மாட்டாத தனி லித்தியம் பேட்டரியைச் சரக்கில் அனுப்பும் பெட்டியில் வைக்க விமான விதிகள் அனுமதிப்பதில்லை.

மழைநாளில் மின்சாரம்

சாதாரண 6 ஆம்பியர் பிளக், 230 வோல்ட்டில் 1,380 வாட் வரை மட்டுமே தாங்கும். வட்ட ரம்பத்தைத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் பன்மடங்கு உயர்வதால், அதை 16 ஆம்பியர் பிளக்கில் இணைப்பதே நல்லது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறும். மின்னழுத்தம் குறைந்து மோட்டாரும் பாழாகும்.

கருவியில் சதுரத்துக்குள் சதுரம் பொறித்த குறியீடு இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது எனப் பொருள். அதற்கு எர்த் முனை இல்லாதது குறையன்று. எனினும், ஈரத் தரையில் நிற்பவரை அந்தக் காப்பு மட்டும் காப்பாற்றிவிடாது. வீட்டின் மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ளதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் துண்டிக்கிறதா என்று பார்த்த பிறகே முற்றத்தில் வேலையைத் தொடங்க வேண்டும்.

மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துள்ளது. எனவே, சாண்டரை வாங்கும் அன்றே என்95 முகக்கவசத்தையும் வாங்க வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 100 டெசிபல் ஓசையில் காது 15 நிமிடம் மட்டுமே பாதுகாப்பாக இருக்கும். மின்ரம்பங்கள் அந்த அளவை எளிதில் எட்டுகின்றன. சுழலும் கருவியின் அருகே துணிக் கையுறை கூடாது. அது கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மடித்துக் கட்டிய வேட்டியும் அப்படியே. பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கை உருவ வேண்டும். பேட்டரியானால் கழற்ற வேண்டும்.

விரல் துண்டாகும் விபத்து நேர்ந்தால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான பகுதியை ஈரப்படுத்திய சுத்தமான துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் வைத்தால் திசுக்கள் உறைந்து, மீண்டும் பொருத்த இயலாமல் போகலாம். 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போதே விரல் துண்டானதைத் தெரிவித்தால், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகச் செல்ல உதவும்.