கழுதைப் பிடரியில் நரிவால்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரம் கடந்தும் தோட்டத்து லயத்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. பால் வாளிகள் கவிழ்த்தபடியே கிடக்கின்றன. எட்டிப் பார்க்கும் ஒருவர் சொல்கிறார்: "ராத்திரி மழை பெஞ்சிருக்கணும். மழை பெஞ்சா பால்வெட்டு கிடையாது. இன்னைக்கு வெட்டு இல்லையே!"

பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபாலை ஒட்டிய பைராம் தோட்டம் போன்ற இடங்களில், கித்தா (ரப்பர்) மரம் வெட்டி வாழ்ந்த தலைமுறைக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டோடு இறங்கி மங்கில் சேராது. கோட்டைத் தாண்டி மரமெங்கும் வழிந்து வீணாகும். அதனால் மழை என்றால் வெட்டு இல்லை. சரிதான். ஆனால், வெட்டு இல்லாததாலேயே மழை பெய்தது என்று சொல்லிவிடலாமா? கோயில் திருவிழாவுக்கு விடுமுறை விட்டிருக்கலாம். அவர் சொன்ன இரண்டு செய்திகளும் உண்மை; அவற்றிலிருந்து எடுத்த முடிவுக்குத்தான் கால் இல்லை.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்வில் இதையே வேறு விதமாகக் கேட்பார்கள். 1948 முதல் நடக்கும் தேர்வு அது. தருக்கப் பகுதி ஒன்றுக்கு 35 நிமிடம், ஏறக்குறைய 25 கேள்விகள். அவற்றில் மாணவர்கள் அதிகம் அஞ்சுவது இணை வாதக் கேள்விக்கு. ஒரு வாதத்தைத் தந்து, கீழே உள்ள ஐந்தில் எது இதே போன்ற வாதம் என்று கேட்பார்கள். ஐந்தும் ஐந்து கதைகள். ஒவ்வொன்றையும் வரி விடாமல் படித்தால் நேரம் போய்விடும்.

லயத்து வாதத்துக்கே இரண்டு விடைகளை வைத்துப் பார்ப்போம். ஒன்று: "மழை பெய்தால் கிரியான் ஆற்றில் தண்ணீர் ஏறும். நேற்று மழை பெய்தது. ஆகவே தண்ணீர் ஏறியிருக்கும்." மற்றொன்று: "பையனுக்குக் காய்ச்சலாகத்தான் இருக்கணும். காய்ச்சல் என்றால் பள்ளிக்கு வரமாட்டான். இன்று வரவில்லையே." அவசரத்தில் கை முதல் விடைக்குத்தான் போகும், அதிலும் மழை இருக்கிறதல்லவா? ஆனால் அது குற்றமற்ற வாதம். லயத்துக்காரர் வழுக்கிய இடத்திலேயே வழுக்குவது காய்ச்சல் வாதம். முடிவு முன்னே வந்ததா பின்னே வந்ததா என்பது கணக்கில் வராது. பேசும் பொருளும் வராது.

ஆகவே முடிவை மட்டும் முதலில் பார்ப்பது நல்ல வழி. மூலத்தில் "இருக்கணும்" என்ற உறுதி இருந்து, விடையில் "இருக்கலாம்" என்று தளர்ந்தால் அதை அங்கேயே கழித்துவிடலாம். 'எல்லாரும்', 'சிலர்' என்று அளவு மாறினாலும் அப்படியே. பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அவற்றின் எலும்புக்கூட்டை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

வழக்கறிஞராகப் போகிறவருக்கு இது எதற்கு? 1932-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கைத் தீர்த்தது. இஞ்சி பானப் புட்டிக்குள் நத்தை கிடந்ததாக ஒரு பெண் தொடுத்த வழக்கு. வாங்கியவர் அவரில்லை, தோழி. ஆனாலும் குடிப்பவரிடம் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு என்றது சபை. சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து வேறொரு வழக்கு மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்கு வந்தது. கம்பளி உள்ளாடையில் தங்கிய ரசாயனத்தால் ஒருவருக்குக் கடுமையான தோல் நோய். நத்தை வழக்கில் புட்டி மூடி முத்திரையிட்டது, இது கடையிலேயே பிரிக்கக்கூடிய காகிதப் பொட்டலம் என்று வாதிட்டது எதிர்த்தரப்பு. கவுன்சில் அதை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத குறை, தயாரிப்பாளர் கையிலிருந்து அப்படியே பயனரிடம் வந்து சேர்ந்ததா என்பதையே பார்த்தது. பானமும் உள்ளாடையும் அதன் கண்ணில் ஒன்றாகிவிட்டன. மலேசிய உரிமையியல் வழக்குகளுக்கும் 1985 வரை அந்தக் கவுன்சில்தான் கடைசிப் படி.

இந்தக் கண் நமக்குப் புதிதில்லை. சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. இப்படித் தொடங்கும் பாடம், போகப்போக என்னைத் திகைக்க வைத்தது. இரண்டைச் சேர்த்துக் கண்டது மட்டுமே, ஒன்றைக் கண்டு மற்றதை ஊகிக்கப் போதுமா? போதாது. அதற்கு அவர் விளக்கம் சொல்லவில்லை, இணை வாதம் ஒன்றைத் தருகிறார். ஒருமுறை ஓரிடத்தில் கழுதையையும் கணிகையையும் சேர்த்துக் கண்டவன், பிறகு கழுதையைக் காணும் இடத்திலெல்லாம் கணிகையும் இருப்பாள் என்று ஊகிக்க வேண்டிவரும்; அது ஆகாது.

சரி, இரண்டும் சேர்ந்து இல்லாமலிருப்பதைக் கண்டால்? நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லையே! அதற்கும் கழுதைதான் வருகிறது. அதன் பிடரியில் நாய்வால் இல்லை, நரிவாலும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, இன்னோரிடத்தில் நரிவாலைக் கண்டவன் அங்கே நாய்வாலும் இருக்கும் என்று ஊகிப்பானா?

எதிராளியின் வாதத்திலிருந்து நெருப்பையும் புகையையும் எடுத்துவிட்டு, அதே கூட்டில் இரண்டு வால்களை வைக்கிறார் சாத்தனார். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த வெறும் பிடரி எனக்குக் கண்ணெதிரே தெரிகிறது.